கலை வரலாறும் பழுவூர்ச் சிங்கமும்

கலை வரலாறு என்றவுடன் நம் மாணவர் பலருடைய நினைவுக்கு வருவது ஓர் அட்டவணை. முதலில் பல்லவர், அவருள்ளும் மகேந்திரன் பாணி, மாமல்லன் பாணி, இராசசிம்மன் பாணி. அடுத்து முற்காலச் சோழர், பிற்காலச் சோழர், பாண்டியர், விசயநகர வேந்தர், நாயக்கர். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு ஆண்டுகளும் மூன்று கோயில்களும் நிற்கும். தேர்வுக்கு முதல் நாள் இரவு அதனை மனப்பாடம் செய்வதும், தேர்வு முடிந்த மறுநாள் மறந்துவிடுவதும் வழக்கம். மறந்ததற்காக மாணவரைக் குறை கூறுவதில் பயனில்லை. கண்ணால் பார்த்தறியாத ஒருவருடைய பிறந்த நாளை எவ்வளவு காலம் நினைவில் வைத்திருக்க முடியும்?

இந்த அட்டவணைக்கு மாற்றாக வேறொரு முறை உண்டு. காலத்தை முன்னே வைக்காமல் பொருளை முன்னே வைக்கும் முறை அது. சிங்கம், வாயில்காப்போர், மாலை, நீர் என ஏதேனும் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதனைப் பல காலத்துக் கலைஞர்கள் எவ்வாறு கையாண்டார்கள் என்று பார்த்துச் செல்வதாம். தொடக்க நிலை மாணவர்க்கு இதுவே ஏற்ற வாயில் என்பது என் கருத்து. பெரம்பலூர், அரியலூர் ஆகிய இரண்டு மாவட்டங்களைக் கொண்டே அதனை விளக்க விரும்புகிறேன். இவை முன்னர் ஒருங்கிணைந்த திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதிகளாக இருந்தவை. 1995இல் பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. இடையில் பிரிந்தும் சேர்ந்தும் கிடந்த அரியலூர் 2007இல் நிலையாகத் தனி மாவட்டமாயிற்று.

காலமுறை வீணானது என்று யாரும் எண்ணிவிடலாகாது. 1550ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டு வசாரி ஓவியர்களுடைய வாழ்க்கை வரலாறுகளை வரிசையாக எழுதினார். 1764இல் செருமானிய அறிஞர் விங்கெல்மான், பழங்காலக் கலைக்குத் தோற்றம், வளர்ச்சி, முதிர்ச்சி, வீழ்ச்சி என்று படிகள் வகுத்தார். 1876இல் பெர்குசன் இந்தியக் கட்டடங்களுக்கென்று ஒரு பெருநூலை வெளியிட்டார். முன்னது எது, பின்னது எது என்று அறியாமல் குவிந்து கிடந்தவற்றை ஒழுங்கு செய்தவர்கள் இவர்கள். அவர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஆயினும் அந்த ஒழுங்கோடு ஒரு முன்முடிவும் ஒட்டிக்கொண்டு வந்தது. கலை வளர்ந்து, உச்சியை அடைந்து, பின் தேய்ந்தது என்பதே அம்முன்முடிவு. நம் பாடநூல்களில் தஞ்சைப் பெரிய கோயில் உச்சி. அதற்குப் பின் வந்தவை எல்லாம் இறக்கம். இறக்கத்தில் நிற்கும் கட்டடத்தை ஊன்றிப் பார்க்க எந்த மாணவனுக்கு மனம் வரும்?

அடுக்கைக் கொண்டு காலத்தை அறிவதற்குப் பெயர் பெற்றது அரியலூர் மண். பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு இங்கே கடல் இருந்தது. 1860களில் பிளான்போர்டு என்ற ஆங்கிலேய நிலவியலார் இப்பகுதிப் பாறைகளை ஆராய்ந்து ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். நிலவியலார் இன்றும் அப்பெயர்களை வழங்குகின்றனர். பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் கல்லாய்க் கிடக்கும் மரத்தை 1940இல் டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்து உலகுக்கு உணர்த்தினார். அதன் நீளம் 18 மீட்டருக்கு மேல். இப்பாறைகளில் கீழடுக்கு முந்தியது, மேலடுக்கு பிந்தியது. கோயில் அத்தகையதன்று. கருவறை ஒரு நூற்றாண்டினது. எதிரேயுள்ள மண்டபம் அதற்கு ஐந்நூறு ஆண்டு பிந்தியது. கோபுரத்துச் சுதை வேலை நம் தந்தையார் காலத்தில் புதுப்பித்தது. விளக்கு இன்று மாலை ஏற்றியது. இவை ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவில்லை. ஒரே தளத்தில், ஒரே வேளையில், வழிபடுவோர் கண்முன் நிற்கின்றன. பாறைக்கு ஏற்ற பாடமுறையைக் கோயிலுக்கு அப்படியே பொருத்த முயல்வதில்தான் இடர்ப்பாடு தோன்றுகிறது.

அரச மரபுகளை வரிசைப்படுத்தும் அட்டவணையில் இவ்விரு மாவட்டங்களின் நிலை என்ன? அரியலூருக்கு ஒரு வரி கிடைக்கும்: கங்கைகொண்ட சோழபுரம், முதலாம் இராசேந்திரன். பெரம்பலூருக்கு அந்த ஒரு வரியும் இல்லை. வாலிகண்டபுரத்து வாலீசுவரர் கோயிலும், 1751இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் தத்தம் நவாபுக்காகப் பொருத இரஞ்சன்குடிக் கோட்டையும் அட்டவணைக்கு வெளியே நிற்கின்றன. வீரமாமுனிவர் திருக்காவலூர் என்று பெயரிட்டுப் போற்றிய ஏலாக்குறிச்சியின் அடைக்கல மாதா கோயில் எந்த மரபில் சேரும்? உருவச்சிலை இன்றிக் கற்கம்பம் ஒன்றையே மூலவராகக் கொண்ட கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலை எந்தக் காலத்தின் கீழ் எழுதுவது? அட்டவணை விடை கூறாது. ஆனால், தெய்வத்துக்கு உருவம் வேண்டுமா என்ற பொருளை ஆசிரியர் எடுத்துக்கொண்டால், கல்லங்குறிச்சியே முதற்பாடமாக அமையும்.

இனி, சிங்கத்தைப் பார்ப்போம். மேலப்பழுவூரை அடுத்த கீழையூரில் அவனி கந்தர்ப்ப ஈசுவர கிருகம் என்னும் இரட்டைக் கோயில் உள்ளது. கல்கியின் பொன்னியின் செல்வன் வாயிலாக மாணவர்கள் நன்கறிந்த பழுவேட்டரையர் மரபினர் எடுப்பித்தது அது. சோழரோடு மணவுறவு கொண்டு, அவர்க்கு உட்பட்டு இந்நாட்டை ஆண்ட குறுநில மன்னர் அவர். கோயில் 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சார்ந்தது. அங்கே தூணின் அடியில் சிங்கம் அமர்ந்திருக்கிறது. ஆண்டையும் அரசனையும் கூறாமல், மாணவர்களை அச்சிங்கத்தின் எதிரே ஆசிரியர் நிறுத்தட்டும். ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: இதனைச் செதுக்கிய சிற்பி சிங்கத்தைப் பார்த்திருப்பானா?

பார்த்திருக்க முடியாது. தமிழ்நாட்டுக் காடுகளில் புலி உண்டு, சிறுத்தை உண்டு. சிங்கம் வாழ்ந்ததற்குச் சான்றில்லை. அங்ஙனமாயின் எதைப் பார்த்துச் செதுக்கினான்? வேறொரு சிற்பி செதுக்கிய சிங்கத்தைப் பார்த்துத்தான். அந்தச் சிங்கம் எங்கே இருந்தது? இப்போது மாணவர் மாமல்லபுரத்துக்கும் காஞ்சிக் கயிலாசநாதர் கோயிலுக்கும் மனத்தாற் பயணம் செய்கின்றனர். 7, 8ஆம் நூற்றாண்டுகளில் பல்லவர்க்குச் சிங்கத்தூண் ஏறத்தாழக் குலச்சின்னம் போன்றது. அவர் ஆட்சி மங்கிச் சோழர் எழுச்சி பெறும் வேளையிலும் அவர்தம் சிங்கம் பழுவூரில் குந்தியிருக்கிறது. அரசு மாறிய நாளிலேயே சிற்பியின் உளி மாறிவிடுவதில்லை என்பதை எந்தப் பாடநூலும் இவ்வளவு தெளிவாகக் கூறாது. இன்னும் பின்னோக்கிச் சென்றால் கி.மு. 3ஆம் நூற்றாண்டின் சாரநாத்துச் சிங்கத்தூண். 1950 முதல் நம் நாட்டுச் சின்னமாகி, நாணயங்களிலும் இடம்பெற்றது அதுவே. சிங்கமே இல்லாத சீன நாட்டிலும் வாயில்தோறும் கற்சிங்கம் காவல் இருக்கிறது. முன்னது எது, பின்னது எது, யாரிடமிருந்து யார் பெற்றனர் என்ற வினாக்கள் இப்போது மாணவர் வாயிலிருந்தே எழும். அந்த வேளையில் ஆண்டுகளைச் சொன்னால் அவை மனத்தில் தங்கும். அவர்கள் கேட்டு வாங்கிய விடைகள் அல்லவா அவை?

சிங்கம் கங்கைகொண்ட சோழபுரத்திலும் உண்டு. அங்கே கோயிலின் வடபால் ஒரு வட்டக் கிணறு. அதற்கு இறங்கும் படிவழி பெருஞ்சிங்கம் ஒன்றின் உடலினூடே செல்கிறது. சிறுவர்க்குக் கோயிலைவிட இதுவே பெருவிருப்பம் என்பதை அங்கே சென்று பார்த்தவர்கள் அறிவர். இராசேந்திரன் கங்கைநீரை ஊற்றிய கிணறு என்று கேட்டிருக்கிறோம். ஆகவே சிங்கமும் சோழச் சிங்கம் என்று பலரும் கொள்கின்றனர். ஆனால் படியிறங்கும் இடத்துச் சுவரில், 19ஆம் நூற்றாண்டு எழுத்தமைதியில், உடையார்பாளையம் ஜமீன்தார் கட்டியதாக ஒரு கல்வெட்டு இருக்கிறது. கிணறு பழையதாக இருக்கலாம், சிங்கம் புதியது. பழுவூரிலிருந்து இதுவரை ஆயிரம் ஆண்டு. இந்த ஆயிரம் ஆண்டில் பிடரி மயிர் எவ்வாறு மாறியது, வாய் எவ்வாறு திறந்தது, கல் எவ்வாறு செங்கல்லும் சுண்ணமும் ஆயிற்று என்பதை மாணவரே ஏட்டில் வரைந்து ஒப்பிடலாம். ஜமீன்தார் காலத்துக் கொத்தனாரை எந்த அட்டவணையும் ஏற்றுக்கொள்ளாது. சிங்கத்தைத் தொடர்ந்து வந்தவர்களோ அவரைத் தவறாமல் சந்திக்கின்றனர்.

கல்வெட்டைக் கண்டவுடன் காலம் தெரிந்துவிட்டது என்று மகிழ்வதற்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள திருமழபாடி வைத்தியநாதர் கோயிலே அதற்குச் சான்று. முதலாம் இராசராசன் தனது 28ஆம் ஆட்சியாண்டில், அக்கோயில் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்டுமாறு ஆணையிட்டான். பிரிப்பதற்கு முன் சுவரில் இருந்த கல்வெட்டுகளையெல்லாம் புத்தகத்தில் படியெடுத்துக்கொள்ளுமாறும் பணித்தான். கோயில் எழுந்தபின், அவன் மகன் இராசேந்திரனுடைய 14ஆம் ஆட்சியாண்டில், அவை புத்தகத்திலிருந்து மீண்டும் கல்லில் ஏறின. எனவே அங்கே ஒரு கல்வெட்டில் பழைய அரசன் பெயர் காணப்பட்டாலும், அது பொறிக்கப்பட்ட சுவர் அவன் காலத்ததன்று. பெயரைப் படித்துச் சுவருக்கு வயது கூறுபவர் ஏமாறுவர். பொருளை முன்வைக்கும் முறையைப் போற்றுவோர் சிலர், காலமே தேவையில்லை என்பதுபோலப் பேசுகின்றனர். எனக்கு அதில் உடன்பாடில்லை. திருமழபாடியில் ஒரு நாள் செலவிட்டவர் அவ்வாறு பேசமாட்டார்.

பொருள்முறைக்கே உரிய குறையும் ஒன்று உண்டு. எடுத்துக்கொள்ளும் பொருள் மிகப் பெரிதானால் பாடம் காற்றில் கரைந்துவிடும். 2000ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில், பழைய மின்நிலையம் ஒன்றில், டேட் மாடர்ன் என்னும் கலைக்கூடத்தைத் திறந்தபோது, படைப்புகளைக் காலமுறையில் அடுக்காமல் நிலக்காட்சி, பண்டங்கள், மனித உடல், வரலாறு என்ற நான்கு தலைப்புகளின் கீழ் வைத்தனர். புதுமையென்று பாராட்டியோரும், யாருக்குப் பின் யார் என்பதே தெரியவில்லை என்று குறைகூறியோரும் இருந்தனர். 2006இல் அந்த அமைப்பை மாற்றினர். வகுப்பறையிலும் அப்படித்தான். 'அதிகாரம்' என்றொரு தலைப்பைக் கொடுத்தால் சிங்கமும் கோபுரமும் கோட்டையும் எல்லாம் அதிகாரமே. மாணவர் கற்றது ஒன்றுமிராது.

அதிகாரம் என்பதை விட்டு, ஒரு தலையின்மீது ஒரு கை எதையோ சூட்டுகிறது என்ற சிறிய பொருளை எடுத்துக்கொள்வோம். கங்கைகொண்ட சோழபுரத்தின் வடவாயிற் படியருகே உமையொடு அமர்ந்த சிவபெருமான், தம் அடியில் கைகூப்பி இருக்கும் சண்டேசருடைய தலையில் கொன்றை மாலையைச் சுற்றுகிறார். இராசேந்திரன் தன் வெற்றிகளுக்கு இறைவன் அளித்த முடிசூட்டாகவே இதனை அமைத்தான் என்று கருதும் அறிஞரும் உளர். இதற்கு ஒரு நூற்றாண்டு பிந்தி, சிசிலித் தீவின் பலெர்மோ நகரத்து மாதாகோயிலில், இரோசர் என்னும் மன்னனுக்கு இயேசுநாதர் தம் கையாலேயே முடிசூட்டும் காட்சியை வண்ணச் சில்லுகளால் அமைத்தனர். அங்கே மன்னன் தானாகவே நிற்கிறான். அவன் பெயரும் எழுதியிருக்கிறது. இங்கே, மன்னன் இருந்தால், ஓர் அடியாருடைய உருவத்துக்குள் மறைந்திருக்கிறான். ஏன் இந்த வேறுபாடு? ஒரு பாடவேளை முழுவதும் பேசலாம்.

சிறிய பொருளைப் பற்றிக்கொண்டு பெரிய காலத்தைக் கடந்தவருள் தலைசிறந்தவர், புதுச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சுப் பேராசிரியர் ழூவோ துப்ராய். 1914இல் வெளிவந்த தம் நூலில் தூணின் தலைப்பில் உள்ள போதிகையை எடுத்துக்கொண்டார். பல்லவர் காலத்தில் உருண்டு வளைந்தது; சோழர் காலத்தில் சாய்வாக வெட்டுண்டு நடுவில் ஒரு நீட்டம் பெற்றது; விசயநகர, நாயக்கர் காலங்களில் அந்நீட்டம் தொங்கும் பூமொட்டாயிற்று. இந்த ஒன்றைக் கற்ற மாணவன் எந்தக் கோயில் மண்டபத்திலும் அண்ணாந்து பார்த்து, ஏறத்தாழக் காலத்தைச் சொல்லிவிடுவான். பொருள்முறையும் காலமுறையும் பகையல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா. தமிழில் மயிலை சீனி. வேங்கடசாமி அவர்கள் 1956இல் வெளியிட்ட 'தமிழர் வளர்த்த அழகுக்கலைகள்' என்னும் நூலும் அரச மரபுகளின்படி அமையாமல், கட்டடம், சிற்பம், ஓவியம், இசை, கூத்து எனக் கலைகளின்படியே அமைந்தது. கூத்து என்றதும் காமரசவல்லி நினைவுக்கு வருகிறது. சாக்கைக் கூத்து ஆடுவோர்க்கு நிலம் அளித்த இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு அவ்வூர்க் கோயிலில் உள்ளது. நேரம் கருதி அதனை விடுகிறேன்.

நான் விடமுடியாத பொருள் ஒன்று உண்டு. அதனைப் 'பெயர்ந்த கல்லும் செம்பும்' என்று அழைக்கலாம்.

கங்கைகொண்ட சோழபுரத்தைச் சூழ்ந்த ஊர்களில் சோழருடையவை அல்லாத சிற்பங்கள் உள்ளன. செங்கமேட்டில் இருக்கும் காளி, பைரவர் உருவங்கள் கலிங்க நாட்டுப் பாணியின. பெரிய கோயிலுக்குள்ளேயே, தாமரை வடிவாய் ஒரே கல்லில் அமைந்த நவக்கிரகப் பீடம் சாளுக்கியருடையது என்பர். போரில் வென்ற நாடுகளிலிருந்து வந்தவை இவை. அரச மரபுப் பாடத்தில் இவற்றுக்கு இடமில்லை. சோழர் பகுதியில் வைத்தால் பாணி பொருந்தாது. சாளுக்கியர் பகுதியில் வைத்தால் ஊர் பொருந்தாது. அரசரின் படையெடுப்போடு கலை எவ்வாறு இடம்பெயர்ந்தது என்பதையே பொருளாகக் கொண்டு சி. சிவராமமூர்த்தி அவர்கள் 1955இல் ஒரு நூல் எழுதிய பிறகே, இத்தகைய அகதிச் சிற்பங்களுக்கு ஒரு வீடு கிடைத்தது எனலாம்.

வந்த கற்கள் இவை. போன கற்களும் உண்டு. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது, கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் மதிலையும் கோபுரத்தையும் இடித்துக் கல்லைக் கொண்டுசென்றனர். இன்று கோயில், மேலிடிந்த வாயிலோடு காட்சியளிப்பது அதனால்தான். அணையால் வயல்கள் விளைந்தன என்பதும் உண்மை. இரண்டையும் ஒருங்கே மாணவர்க்குக் கூறவேண்டும்.

மூன்றாவது, செம்பு. அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் பிரகதீசுவரர் கோயில், வழிபாடு குன்றிப் பூட்டிக் கிடந்த கோயில். 2006ஆம் ஆண்டளவில் அங்கிருந்த நடராசர் செப்புத் திருமேனி களவு போயிற்று. 2008இல் அது நியூயார்க் வணிகர் ஒருவர் வழியாக, ஆத்திரேலிய நாட்டுத் தேசியக் கலைக்கூடத்தை 50 இலட்சம் அமெரிக்க டாலர் விலையில் சென்றடைந்தது. பொய்யான உரிமை வரலாறு ஒன்றும் உடன் சென்றது. பின்னர், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் முன்னரே எடுத்து வைத்திருந்த ஒளிப்படங்களோடு ஒப்பிட்டு, அது ஸ்ரீபுரந்தான் திருமேனியே என்று உறுதி செய்தனர். 2014 செப்டம்பரில் ஆத்திரேலியப் பிரதமர் அதனை இந்தியாவிடம் ஒப்படைத்தார்.

கான்பெரா நகரத்தில் அத்திருமேனி நின்ற ஆண்டுகளில் காண்போர்க்குத் தெரிந்தது என்ன? சோழர் கலை, 11, 12ஆம் நூற்றாண்டு, தமிழ்நாடு. நம் அட்டவணை கூறும் விவரமும் இவ்வளவே. மரபும் நூற்றாண்டும் சரியாகவே இருந்தன. ஊர் மட்டும் இல்லை. மரபையும் நூற்றாண்டையும் மட்டுமே கற்றுத் தேறிய ஒருவர் அதன் எதிரே நின்றிருந்தால், ஏதும் குறைவதாக அவருக்குத் தோன்றியிராது. தம் பள்ளிக்கு அடுத்த ஊர்க் கோயிலின் பூட்டிய கதவுக்குள் என்ன இருக்கிறது என்று அறியாத மாணவரும் அதே நிலையில்தான் இருக்கிறார்.

வந்தவை, போனவை, போய் மீண்டது ஆகிய இவை காலமுறைப் பாடத்தில் 11, 19, 21 என மூன்று நூற்றாண்டுகளில் பிரிந்து நிற்கும்; ஒன்றையொன்று பார்க்கவே மாட்டா. ஒரு தலைப்பின் கீழ் வரும்போது, கூர்மையான மாணவி ஒருத்தி நிச்சயமாகக் கேட்பாள்: "ஐயா, நடராசர் திரும்பியது நீதியென்றால், செங்கமேட்டுக் காளி கலிங்கத்துக்குத் திரும்ப வேண்டாமா?"

ஆசிரியர் இக்கேள்விக்கு அஞ்சலாகாது. போரில் கவர்ந்ததும் இரவில் திருடியதும் ஒன்றா? ஆயிரம் ஆண்டு ஓர் ஊரில் இருந்த உருவம் அவ்வூர்க்கு உரியதாகிவிடுமா? எத்தனை ஆண்டு போதும்? இங்கே காலம் வெறும் எண்ணாக இல்லாமல் வழக்கின் சாட்சியாக வந்து நிற்கிறது. இராசேந்திரன் மகன் இராசாதிராசன், சாளுக்கியரின் கல்யாணபுரத்தை அழித்து அங்கிருந்து ஒரு துவாரபாலகர் சிலையைக் கொண்டுவந்தான். தாராசுரத்தில் இருந்த அச்சிலை இப்போது தஞ்சைக் கலைக்கூடத்தில் உள்ளது. அதன் பீடத்தில், எந்த ஊரை வென்று, யார் கொண்டுவந்தது என்பதை அவ்வரசன் தமிழில் வெட்டுவித்திருக்கிறான். சாளுக்கிய நாட்டிலிருந்து மாணவர் ஒருவர் இன்று தஞ்சைக்கு வந்தால், தம் ஊர்ப் பெயரை அச்சிலையின் அடியிலேயே படித்தறியலாம். கான்பெராவில் நடராசர் நின்ற இடத்தில் ஸ்ரீபுரந்தான் என்ற பெயர் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை.